வளையலுக்கு மேல் போட்ட கிளவுஸ்

வீட்டில் வாயைத் திறக்காமல், சனிக்கிழமையானால் கடலுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்ட என் ஆசை மாப்பிள்ளை சண்முகத்துக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன், தப்பு இருந்தால் திருத்திக்கொள். பதில் எழுத முடியாதவனுக்கு எழுதுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொண்டுதான் ஆக வேண்டும்.

சேதி இதுதான். என் தங்கை, உன் பெண்டாட்டி கமலா, ஐம்பத்தாறு வயதில் கடலுக்குள் மூழ்கக் கற்றுக்கொள்கிறாள். நீ வாராவாரம் இறங்கிய அதே மான்ட்டரே கடல், உனக்குச் சொல்லிக்கொடுத்த அதே லிண்டா. ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்டேன்.

"இருபது வருஷமா அவரு உள்ள போவாரு, நான் கரையில கார்ல ஃபிளாஸ்க்கோட உக்காந்திருப்பேன். அப்பிடி என்னத்தத்தான் பாத்தாருன்னு ஒரு தடவ பாக்கோணும்ணா. அவ்வளவுதான்."

ஒரு தடவையாவது நீ அவளைக் கூப்பிட்டிருக்கலாம் இல்லையா?

இந்த அமெரிக்க டப்ளினில் சனிக்கிழமை சும்மா இருப்பவன் நான் ஒருத்தன்தான். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டருக்கெல்லாம் புத்தி பேதலித்துவிடுமாம், என் மகன் வாரக் கடைசியிலும் ஆபீஸில் கிடக்கிறான். அதனால் கமலா டிரைவ் பண்ண, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஃப்ரீவே முழுக்கக் குற்றம் சொல்லிக்கொண்டு போகிறேன்.

நீச்சல் குளத்தில் எல்லாப் பாடமும் பாஸ் பண்ணிவிட்டாள். கடலில்தான் மாட்டிக்கொண்டாள். இடுப்பில் ஈயக்கட்டி கோத்த பெல்ட் கட்டுவீர்களே, அதன் கொக்கியைக் குனிந்து பார்க்காமல் கையாலேயே தடவித் தட்டிக் கழற்ற வேண்டும். ஆபத்து என்றால் அதுதான் ஆளை மேலே கொண்டுவருமாம். முதல் சனிக்கிழமை உன் கிளவுஸைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். உன் கை என்ன கையா, முறமா? பத்து நிமிஷத்தில் தண்ணீர் நிறைந்து, விரல் மரத்து, வெளுத்துப் போய் ஏறி வந்தாள்.

சரி, புதுசு வாங்கலாம் என்று லிண்டாவின் கடைக்குப் போனோம். அங்கே நான் என் மூளையைக் காட்டினேன். "நல்ல தடிமனாப் பாத்து, ஒரு சைஸ் பெருசா எடு கமலா. தண்ணியில நனைஞ்சா சுருங்கும்." நாம் பள்ளிக்கூடச் சட்டை வாங்கின கணக்கு. ரப்பர் சுருங்காது என்று எனக்கு யார் சொன்னார்கள்? அடுத்த சனிக்கிழமை அந்த யானைக்கால் மாதிரி கையோடு இறங்கினாள். வயிற்றுக்கும் கொக்கிக்கும் வித்தியாசம் தெரியாமல் தடவிக்கொண்டே இருந்தாளாம். லிண்டா மேலே கூட்டி வந்து, "இன்னும் ஒரு சனிக்கிழமைதான். அதுக்கப்புறம் கடல் சரியிருக்காது, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள்.

"அடுத்த வருஷம் எனக்கு இந்தத் தைரியம் இருக்காதுங்கண்ணா" என்றாள் கமலா. அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

மறுபடி கடை. லிண்டா இங்கிலீஷில் விளக்க, கமலா எனக்குச் சொன்னாள். "உள்ள போற கொஞ்சூண்டு தண்ணி உள்ளயே நிக்கணுமாம். ஒடம்புச் சூட்டுல அது வெதுவெதுன்னு ஆயிருமாம். லூஸா இருந்தா புதுத்தண்ணி வந்து வந்து சூட்டக் கொண்டுட்டுப் போயிருமாம். விரல் நுனியில காலி எடம் இருக்கக் கூடாது, அதுக்குன்னு ரத்தம் கட்டற மாரி இறுக்கியும் இருக்கக் கூடாது."

"இத்தன விவரமா? உனக்குப் புருஷன் பாக்கறப்பக்கூட இவ்வளவு யோசிக்கலயே நாங்க."

"அதான் தெரியுதே" என்றாள்.

நடுத்தரத் தடிமனில், அவள் கைக்கென்றே தைத்த மாதிரி ஒரு ஜோடி கிடைத்தது. நான் ஒரு சோதனை வைத்தேன். வளையலில் ஊக்கு மாட்டி வைத்திருப்பாளே, அதை மேஜைமேல் போட்டு, கிளவுஸ் மாட்டிய ஒரு கையால் எடு என்றேன். எடுத்துவிட்டாள். அப்போதுதான் லிண்டா அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். கிளவுஸின் வாய் வளையல் மேல் மேடு தட்டி நின்றது. சந்தில் இரண்டு விரல் போகும். எந்தக் கிளவுஸ் போட்டாலும் அந்த வழியாகத் தண்ணீர் வரத்தான் செய்யும். இரண்டு சனிக்கிழமையும் வளையலுக்கு மேலேதான் மாட்டியிருக்கிறாள். அதைக் கழற்ற வேண்டும் என்று லிண்டா சாதாரணமாகச் சொன்னாள்.

கமலா கையை உருவிக்கொண்டாள். கிளவுஸை வாங்கினாள், நேராகக் காருக்கு வந்துவிட்டாள்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும் மாப்பிள்ளை. உன் பதினாறாம் நாள் காரியத்தில், பெண்களெல்லாம் தயங்கி நிற்க, அண்ணன்காரன் என்று நான்தான் அவள் முன்னால் போய், "கையக் குடும்மா, வளையலக் கழட்டிரலாம்" என்றேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அவரு போட்டது தாலி. அதக் கழட்டியாச்சு. இது நம்ம அப்பா போட்டது. புருஷன் செத்ததுக்கு இத ஏண்ணா கேக்கறீங்க?" என்றாள். பதில் தெரியாதவன் கோபப்படுவான், நானும் பட்டேன். சபையில் கத்தினேன். அதற்கப்புறம் ஐந்து மாதம் அவள் என்னோடு பேசிய ஒரே வார்த்தை "காபி".

இப்போது அதே வளையல். அதே அண்ணன் பக்கத்து சீட்டில். இந்த வாயால் எப்படிச் சொல்வேன்? பூண்டு விளையும் கில்ராய் வரைக்கும் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். பிறகு சொன்னேன். "கமலா, போட்டுக்கறதும் கழட்டறதும் உன் இஷ்டம். அன்னிக்கு நான் கேட்டது தப்பு. கத்துனது அதவிடத் தப்பு."

அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதச் சொல்ல ரெண்டு வருஷமா?" என்றாள்.

"நான் அஞ்சாங்கிளாஸ்தான. மெதுவாத்தான் வரும்."

சிரிக்கவில்லை. ஆனால் வழியில் நிறுத்தி எனக்குப் பிடித்த சோளம் வாங்கிக் கொடுத்தாள்.

போன சனிக்கிழமை காலை, கரையில் கறுப்பு ரப்பர் உடுப்பில் நின்றாள். பார்க்க நீர்நாய் மாதிரி இருந்தாள், அதையும் சொன்னேன். அவள் ஒரு சோப்பை எடுத்து மணிக்கட்டில் தேய்த்தாள். இரண்டு வளையலையும் தானே உருவி என் உள்ளங்கையில் வைத்தாள். "பத்திரம். திரும்பக் கேப்பேன்." பிறகு ஃபிளாஸ்க் வெந்நீரைக் கிளவுஸுக்குள் கொஞ்சம் ஊற்றி மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

இருபது நிமிஷம். அலை தவிர ஒன்றுமில்லை. கரையில் காத்திருப்பது என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உனக்காக அவள் எத்தனை சனிக்கிழமை இப்படி உட்கார்ந்திருப்பாள்?

முதலில் லிண்டாவின் தலை, அப்புறம் அவள் தலை. லிண்டா கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினாள். கொக்கி முதல் தட்டிலேயே கழன்றதாம்.

கமலா பல் கிட்டிக்கொண்டு என்னிடம் வந்து, கிளவுஸைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஈரக் கையை நீட்டினாள். "குடுங்க."

கை குளிரில் விறைத்திருந்தது, வளையல் ஏறவில்லை. சோப்புப் போட்டு, விரலைக் கூட்டிப் பிடித்து, வளையல்காரன் மாதிரி ஒவ்வொன்றாக நானே ஏற்றிவிட்டேன். "வலிக்குதா?" என்றேன். "வலிக்குது, போடுங்க" என்றாள்.

"உள்ள என்னதான் இருந்துச்சு?"

"ஒண்ணுமில்லைங்கண்ணா. பச்சையா இருந்துச்சு. யாரும் பேசல. நானும் பேசல." எறிந்த கிளவுஸைக் குனிந்து பொறுக்கிக்கொண்டே, "என்னையும் கூட்டிட்டுப் போயிருந்தா, நானும் சும்மாதான் இருந்திருப்பேன்" என்றாள். இதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

தை மாதம் நம்ம ஊர் கோபியில் என் பேத்திக்குக் கல்யாணம். சொந்தக்காரப் பெண்கள் கமலாவின் கையைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவளை நான் மணமேடையில் என் பக்கத்தில் நிறுத்திக்கொள்வேன், தாலியைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணும்போது தட்டு முதலில் அவளிடம்தான் போகும். யாராவது முணுமுணுத்தால், சபையில் கத்துவது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். இந்தத் தடவை அவளுக்காகக் கத்துவேன். இது சத்தியம்.

உன் பெண்டாட்டிக்கு அண்ணனாக இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கும்,
உன் மச்சான் ரங்கசாமி