மாடு போகாத வழி

ஒக்டோபர் 7, திங்கள்
விடிந்ததிலிருந்து தூறல். துணி காயாது. இவர் தையல் கடைக்குக் குடையில்லாமல் போய்விட்டார்.

இருளப்பன் கங்காணி நம் வழியில் மூன்று கட்டை நட்டுவிட்டான். (இனி இ.க. முழுப் பெயர் எழுத மை வீண்.) ரோட்டுக்குப் போக அவன் நிலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்புஹாமி தன் காணியை இரண்டாக்கி முன்பக்கத்தை இ.க.வுக்கும் பின்பக்கத்தை நமக்கும் விற்றபோது, இப்படிப் போங்கள் என்று கையைக் காட்டினார். அதுதான் சாட்சி. அப்புஹாமி போய்ச் சேர்ந்தார். கையும் கூடவே போய்விட்டது.

கட்டைகளுக்கு நடுவில் ஆள் பக்கவாட்டில் நுழையலாம். மாடு?

“மாடு எப்படிண்ணே போகும்?”
“மனுசருக்குத்தான தாயி வழி விட்டது. மாட்டுக்கு யாரு விட்டா? கோவாப் பாத்தி பூரா மேஞ்சிருது.”

பொய். என் ராசாத்தி கயிற்றை மீறி ஒரு இலை கடித்ததில்லை.

குழி தோண்டிய அலவாங்கு நம்முடையது. நேற்றுக் கேட்டான், நானே எடுத்துக் கொடுத்தேன். கழுவித்தான் திருப்பித் தந்தான், அதில் குறை சொல்ல முடியாது.

வேறு வழி:
பின்னால் ஓடைப் பள்ளம். ஆடே இறங்காது.
இரண்டு பக்கமும் தோட்டத்துத் தேயிலை. மாடு கால் வைத்தால் காவல்காரன் பிடித்துக் கட்டுவான், துரை தண்டம் போடுவார்.
வேறு இல்லை.

எட்டு மாதச் சினை. கன்று போட்டால்தான் பால். ஸ்டேஷன் தேத்தண்ணிக் கடைக்குப் பால் ஊற்றினால்தான் இங்கே அடுப்பு எரியும். இவருக்குக் கண் மங்குகிறது. ஊசியில் நூல் கோக்க மத்தியானம் நான்தான் கடைக்குப் போகிறேன்.

ஒக்டோபர் 10, வியாழன்
மழை விட்டது. ஊர் வழக்குப் பார்க்கிற ஆராச்சி மாத்தியா வந்தார். இ.க. வீட்டில் நாற்காலி, பிளேன்டீ, வாழைப்பழம். நான் போட்டு வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது.

கட்டைகளுக்கு நடுவில் தானே திரும்பி நுழைந்து காட்டினார். தொப்பை உரசியது. “நானே வந்துட்டேனே, வழி இருக்கே” என்றார் சிங்களத்தில். நானும் சிங்களத்திலேயே மாட்டைச் சொன்னேன்.

“மாடு வந்து முறைப்பாடு சொல்லலையே.”

இ.க. விழுந்து விழுந்து சிரித்தான். பக்கத்தில் நின்ற இவரும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் வந்ததும் கேட்டேன், எதற்குச் சிரித்தீர்கள் என்று.

“பெரிய மனுசங்க சிரிக்கிறப்ப சும்மா நின்னா மொறைக்கிற மாதிரி இருக்கும்ல.”

ராத்திரிச் சோறு போட்டேன். திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஒக்டோபர் 16, புதன்
மனுக் கொடுக்க நுவரெலியா கச்சேரிக்கு, அரசாங்கக் கந்தோருக்குப் போனோம். குளிர். காலையில் போனது, மத்தியானம் கூப்பிட்டார்கள். கிளார்க் சின்னப் பையன், நல்ல சட்டை, பொத்தான் ஒன்று இல்லை. இவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மனு சிங்களத்தில் இருக்க வேண்டுமாம். “நான் சொல்றேன், நீங்க எழுதிக்குங்க மாத்தியா” என்றேன். பேனாவை எடுத்தான். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அப்புறம் கேட்டான்:

“பிரஜாவுரிமை இருக்கா?”
“விண்ணப்பம் போட்டிருக்குங்க.”
“அது வரட்டும். வழியை அப்புறம் பாப்போம்.”

பேனாவை மூடிவிட்டான்.

நான் பிறந்தது வட்டகொடை. அம்மா பிறந்ததும் வட்டகொடை. இ.க.வுக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைத்துவிட்டது. கண்ணாடிச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறான்.

திரும்பும்போது ரயிலில் இவர் சொன்னார்: “பாவம், அந்தப் பொத்தானத் தச்சுக் குடுத்திருக்கலாம்.” இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய!

ஒக்டோபர் 25, வெள்ளி
அடை மழை. ரயில் ரோட்டோரம் புல் அறுத்துத் தலைச்சுமையாய்க் கொண்டுவருகிறேன். வழிக் கட்டைக்கு வந்ததும் புல்லுக்கட்டை இறக்கி, பிரித்து, இந்தப் பக்கம் மறுபடி கட்டி. கால் முழுக்க அட்டை.

ராசாத்தி நின்ற இடத்திலேயே நிற்கிறாள். முற்றம் சேறு. பின்னங்கால் குளம்பு அழுகுகிறது. வேப்பெண்ணெய், மஞ்சள், சாம்பல். கேட்கவில்லை. நேற்றிலிருந்து புல்லையும் மோந்துவிட்டு விடுகிறாள். காய்ந்த தரையில் நடந்தால் சரியாகும் என்கிறார்கள். எங்கே நடக்க?

உப்பு முடிந்தது. மண்ணெண்ணெயும்.

கோவிலுக்குப் போகவில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 2, சனி
இ.க. கட்டைக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டான்.

“எங்கிட்டக் குடுத்துரு தாயி. மாடு செத்துப்போகும். எம் பக்கம் வந்துட்டா நடக்க எடமிருக்கு, புல்லு இருக்கு.”
“எப்படிண்ணே வரும், இந்தக் கட்டையில?”
“ஒண்ணப் புடுங்கினாப் போச்சு.”
“அப்ப இப்பவே புடுங்குங்கண்ணே.”
“அதெப்படி?”

உண்மையிலேயே அவனுக்குப் புரியவில்லை. அதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. வேறு யாருக்கு விற்றாலும் மாடு வெளியே வராது. அவன் ஒருவனுக்குத்தான் விற்க முடியும்.

நவம்பர் 4, திங்கள்
வெயில். இத்தனை நாள் எங்கே போயிருந்தது?

கட்டையைப் பிடுங்க அலவாங்கு கேட்டான். இவர் கொடுத்தார். ராசாத்தி நொண்டி நொண்டிப் போனாள். மாட்டை விற்றால் கயிற்றைத் தருவது வழக்கமில்லை, அவன் புதுக்கயிறு கொண்டுவந்தான். கழுத்து மணியையும் கழற்றிக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் கட்டை பழைய இடத்தில். விலை எழுதப் போவதில்லை. அழுதேன். இவரும்.

நவம்பர் 17, ஞாயிறு
தூறல். மணிச்சத்தம் இல்லாமல் வீடு என்னவோ போல இருக்கிறது.

காலையில் இ.க.வின் மருமகள் கட்டைக்கு நடுவில் திரும்பி நுழைந்து வந்தாள், கையில் மூடிய கிண்ணம். “கெடேரிக் கன்னுக்கா. மாமா மொதல்ல ஒங்களுக்குக் குடுத்துட்டு வரச் சொன்னாரு.” சீம்பால். ஏலக்காய் தட்டிப் போட்டுக் கிண்டியிருந்தார்கள். நல்ல பெண். அவளிடம் கோபப்பட எனக்கு ஒன்றுமில்லை.

குளம்பு ஆறிவிட்டதாம்.

இவர் தன் பங்கைச் சாப்பிட்டுவிட்டு என் பங்கைத் தட்டில் வைத்து மூடினார். நானும் சாப்பிட்டேன். நம் ராசாத்தி பால்தானே.

கிண்ணத்தைக் கழுவினேன். வெறும் கிண்ணமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. சீனி இல்லை, அரிசி அடிப்பானையில். மருமகள் வாசலில் நிற்கிறாள். மணியைக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்துவிட்டேன்.