கடுக்காய்க்குப் போனவர்கள்

ஆம்பூர்
1.2.2025

அன்பு மகன் ஹம்மாத்துக்கு அம்மி எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் எனக்கும் அப்பாவுக்கும் உடம்பு சுகம்தான், அங்கே இத்தாலிக் குளிரில் உன் தொண்டையும் நெஞ்சும் சுகமாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவின் முழங்கால் வலி கம்மியாகிவிட்டது, பஜார் வரை நடந்துவிட்டு வருகிறார். அக்கா பில்கிஸ் குடியாத்தத்திலிருந்து போன வாரம் பிள்ளைகளோடு வந்து இரண்டு நாள் இருந்து வீட்டைத் தலைகீழாக்கிவிட்டுப் போனாள். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் இப்போது சொல்லப்போவதைப் போனில் சொன்னால் நீ பாதியில் சரி அம்மி, மீட்டிங் என்று வைத்துவிடுவாய். ஆறு நாளாக எனக்குக் கால் தரையில் படவில்லை, முழுதாகச் சொல்லியே ஆகவேண்டும்.

நீ சின்னப் பையனாக இருக்கும்போது என்னை மெமோ டீச்சர் என்று கேலி செய்வாயே, அந்த மெமோதான் விஷயம். அணைக்கட்டுக்கு மேலே எலந்தமடுவு மலைப் பள்ளியில் நான் வேலை பார்த்தபோது தை, மாசி வந்தால் வகுப்பில் ஐந்தாறு பிள்ளைகள்தான் இருப்பார்கள். மற்றவர்கள் அப்பன் ஆத்தாளோடு, வனத்துறை யாரையும் விடாத காப்புக்காட்டுக்குள் கடுக்காய் பொறுக்கப் போய்விடுவார்கள். நான் வருகைப் பதிவேட்டில் வரவில்லை என்று மட்டும் போட மனமில்லாமல் பக்கத்திலேயே காரணமும் எழுதுவேன், கடுக்காய், கடுக்காய் என்று பக்கம் முழுக்க. 1994இல் ஆய்வுக்கு வந்த அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, காப்புக்காட்டில் நுழைவதை இவ்வூர் மக்கள் காலங்காலமாக வழக்கமாக வைத்திருப்பதை ஆசிரியை பதிவேட்டிலேயே எழுதி ஊக்குவிக்கிறார் என்று மெமோ கொடுத்தார். அந்தக் கடுக்காய்தான் அப்பாவின் டேனரிக்கு மூட்டை மூட்டையாக வந்து தோல் பதப்பட்டது, அதில்தான் நம் வீட்டு அடுப்பும் எரிந்தது. ஆனாலும் அந்தக் காகிதத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

போன ஆகஸ்டில் முத்துமாரி போன் செய்தாள். அந்த வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எப்போதும் இருமிக்கொண்டிருப்பாளே, அவள் இப்போது ஊரின் வன உரிமைக் குழுவுக்குச் செயலாளர். கடுக்காய் மரங்கள் நிற்கும் மேற்குச் சரிவில் முதிர்ந்த மரங்களை எடுத்துவிட்டு வேறு மரம் நட வனத்துறையின் புதுத் திட்டத்தில் எழுதியிருக்கிறதாம், அந்த இடத்தைக் கூப்பு விடப்போகிறார்கள், அதாவது அளந்து வெட்டக் கொடுக்கப்போகிறார்கள் என்று ஊரே கலங்கிப்போயிருந்தது. வன உரிமைச் சட்டத்தில் ஊருக்குச் சமூக உரிமை கிடைத்துவிட்டால் அந்தக் காட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கிராமசபைக்கு வரும், அவர்களைக் கேட்காமல் இப்படிச் செய்ய முடியாது. உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். வீட்டுக்குச் சொந்தக்காரர் ஒருவர், நாற்பது வருஷமாக அந்த வீட்டில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் வேறு ஆட்கள். உலை கொதிக்கும்போது அவர்களைக் கேட்காமல் அடுப்பை இடிக்காதே என்கிறது சட்டம், அவ்வளவுதான். ஆனால் காலங்காலமாகச் சமைத்தோம் என்பதைக் காட்டவேண்டும். ஊர்ப் பெரியவர்கள் வாயால் சொன்னது மட்டும் போதாது, இன்னொரு ஆதாரமும் வேண்டும் என்று மனு ஒருமுறை திரும்பி வந்திருந்தது. முத்துமாரி என்ன சொன்னாள் தெரியுமா? "அந்த மெமோவ எங்களாலதான வாங்கினீங்க டீச்சர். இப்ப அத எங்களுக்குக் குடுங்க."

மூன்று நாள் தேடினோம். கடைசியில் பீரோ தட்டில் விரித்திருந்த காகிதங்களுக்கு அடியில், எழுத்துப் பக்கம் கீழாகக் கிடந்தது. நானே கவிழ்த்து வைத்ததுதான். முப்பது வருஷமாக அதன்மேல் புடவை அடுக்கியிருக்கிறேன். அப்பா அதை லேமினேட் செய்யக் கிளம்பிவிட்டார், தடுக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

செப்டம்பரில் விசாரணைக்கு, மனுவைத் திருப்பி அனுப்பிய அதிகாரி அம்மாவே மலைக்கு வந்தார், பில்கிஸ் வயதுதான் இருக்கும். மெமோவை இரண்டு முறை படித்தார், முகம் மலர்ந்தது. எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்த நேரத்தில் முத்துமாரி, காகிதம் ஜாஸ்தி இருந்தால் நல்லது என்று பள்ளி அலமாரியில் கரையான் விட்டுவைத்த பழைய நோட்டுகளையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். இதுவரை அப்பாவுக்குக்கூட நான் சொல்லாத விஷயம் அதில் இருந்தது. மெமோ வாங்கிய பயத்தில் அடுத்த வருஷத்திலிருந்து தை மாசியிலும் எல்லாப் பிள்ளைகளும் வந்ததாகவே எழுதினேன். அந்த அம்மா 1995 பதிவேட்டைப் புரட்டினார், 96, 97 என்று புரட்டிக்கொண்டே போய், மெமோவுக்குப் பிறகு இந்த ஊரில் கடுக்காய் பொறுக்குவது நின்றுபோய்விட்டதா என்று கேட்டார். முத்துமாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள், பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். பொய் சொன்னால் முட்டி போடவைத்த டீச்சர் நான். எழுந்து நின்றேன். "நிக்கலம்மா. இவங்க போய்ட்டுத்தான் இருந்தாங்க. நான்தான் பொய்யா எழுதினேன்" என்றேன்.

அப்போது பின்னாலிருந்து சத்துணவு சமைத்த செல்லம்மாள் கையை நீட்டினாள். "டீச்சர் நாப்பது பேருன்னு எழுதுவாங்க, சோறு நான் ஆறு பேருக்குத்தான் ஆக்குவேன். அந்த மூட்டையிலயே என் நோட்டும் இருக்குது, பாரும்மா." இருந்தது. என் பதிவேட்டில் தை மாசம் வந்தவர்கள் நாற்பத்திரண்டு, அவள் நோட்டில் சாப்பிட்டவர்கள் ஆறு. மறுவருஷமும் அப்படியே. அந்த அம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். நான் சொன்னதை அப்படியே எழுதி என்னிடம் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். கீழே பழக்கத்தில் இடைநிலை ஆசிரியை என்றும் எழுதிவிட்டேன். செல்லம்மாளிடம், இத்தனை வருஷம் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன். "கேக்கலியே யாரும்" என்றாள்.

டிசம்பரில் உரிமைப் பத்திரம் வந்துவிட்டது ஹம்மாத். இந்த ஜனவரி 26 அன்று மேற்குச் சரிவைப் பற்றி முடிவெடுக்கக் கிராமசபை கூடியது, என்னையும் ஜீப் வைத்து அழைத்துப்போனார்கள். ஊரில் பாதிப் பேராவது வந்தால்தான் தீர்மானம் செல்லும் என்பதால் வருகைப் பதிவேட்டை முத்துமாரி என் மடியில் வைத்து, நீங்களே கூப்பிடுங்கள் என்றாள். நரைத்த தலைகளெல்லாம் உள்ளேன் டீச்சர் என்றன, சிரிப்புத் தாங்கவில்லை. வேண்டியதற்கு மேலேயே ஆள் சேர்ந்தது. முதிர்ந்த மரம் எது, காய்க்கும் மரம் எது என்று ஊரே சேர்ந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் எதிலும் கைவைக்கலாம், அதுவரை அந்தச் சரிவில் கோடரி படக்கூடாது என்று தீர்மானம் ஆனது. வந்திருந்த ரேஞ்சரும் அதைக் குறித்துக்கொண்டு, சரிவைச் சுற்றிப் பார்க்க எப்போது வரலாம் என்று முத்துமாரியைத்தான் கேட்டார்.

பெயர் கூப்பிட்டபோது பதினோரு பேருக்குப் பதில் வரவில்லை. எங்கே என்று கேட்டேன். அதே சரிவுக்குத்தான் போயிருக்கிறார்கள் டீச்சர், காய் உதிரும் நேரம், விட்டால் மான் தின்றுவிடும் என்றார்கள். பேனாவை எடுத்து, பதினோரு பெயருக்கும் பக்கத்தில், நிறுத்தி நிதானமாக, கடுக்காய் என்று எழுதினேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, மஃப்ளர் இல்லாமல் வெளியே போகாதே. அங்கே நீ வேலை பார்க்கும் டேனரியில் கடுக்காய் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று விசாரித்து எழுது, மறந்துவிடாதே. அல்லாஹ் உன் ஆயுளிலும், உண்ணக் கிடைக்கும் ரிஸ்கிலும் பரக்கத் செய்யட்டும், உன் கைக்கு வரும் வேலையெல்லாம் ஹலாலாகவும் லேசாகவும் ஆக்கட்டும். அப்பா சலாம் சொல்லச் சொன்னார்.

என்றும் உன் நலம் கேட்கும்,
கௌசர் அம்மி

(மெமோவை இப்போது அப்பா முன்னறைச் சுவரில் மாட்டிவிட்டார். நான் தடுக்கவில்லை.)