கரைக்காற்றில் இறங்காதீர்கள்

அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. திருமுக்கூடலில் அக்காவுக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டதாம். முதல் பஸ்ஸில் போகிறேன்.

மதியம் கன்னியப்பன் சாப்பிட வருகிறார். போன வாரம் பாய்மரப் பலகையோடு காற்றில் அகப்பட்ட உங்களைக் கடலிலிருந்து கட்டுமரத்தில் ஏற்றி வந்தவரை வெறும் வாய்வார்த்தையோடு அனுப்பக் கூடாது. கோழிக் குழம்பு வைத்திருக்கிறேன். சோறு மட்டும் வடித்துவிடுங்கள். சாயங்காலம் ஓட்டல் வேலைக்குக் கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டுச் சொக்கம்மாளிடம் கொடுங்கள்.

நேற்று, "உனக்கு இன்னா தெரியும்? வெள்ளைக்காரங்களே பாய் கட்டின பலகைல நின்னுக்கினு போறாங்க" என்று கத்தினீர்கள். எனக்குத் தெரிந்தது கன்னியப்பன் சொன்னதுதான்.

"கரைலேந்து காத்து அடிக்கச்சே ஓரத்துல தண்ணி அசையாமதாம்மா கீது. உள்ள போனாத்தான் இழுக்கும். உங்க வூட்டுக்காரரு பலகைய வுடாம படுத்துக்கினு கைய ஆட்டுனாரு, அதான் கண்ல பட்டாரு. நீந்தலாம்னு பலகைய வுட்டிருந்தா கெடச்சிருக்க மாட்டாரு."

இதைக் கேட்டதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பலகையே வேண்டாம் என்று நேற்று சொன்னது கோபத்தில் சொன்னது. கடல்காற்று வீசும்போது இறங்குங்கள். அப்போதும் கரையில் ஒருவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

கோவிந்தம்மாள்

பஸ் ஹாரன் கேட்கிறது. நான் இன்னும் வாசலில் நின்று துணிக்கொடியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் சட்டை கிழக்கே, கடல் பக்கமாகத்தான் பறக்கிறது. இன்றைக்கு இறங்காதீர்கள். நாளைக்கும் இப்படியே அடித்தால் வேண்டாம்.