மோட்டார் சாவியும் மருத்துவர் கடிதமும்

அன்பு மகள் நட்டாலிக்கு,

இரவு வேலை முடிந்து வந்து அயர்ந்து உறங்குகிறாய்; எழுப்ப மனம் வரவில்லை. மீன் கறி அடுப்பின்மேல் மூடியிருக்கிறது. சூடாக்கிச் சாப்பிடு.

பத்து மணிக்கு அபிகெயிலின் வகுப்பாசிரியையைக் காணச் செல்கிறேன். "ஏ.டி.எச்.டி.ன்னு தெரிஞ்சா எம்பிள்ளைக்கு முத்திரை குத்திருவாங்க லா, அப்பா" என்று நேற்று மாலை கோபித்துக்கொண்டாய். நானும் குரலை உயர்த்தினேன், அது தவறு. ஆகையால் அதைச் சொல்லும் மருத்துவர் கடிதத்தை நான் தொடவில்லை. அது மேசைமேல் இருக்கிறது. தாய் நீ, கொடுப்பதும் கொடாததும் உன் முடிவு.

நான் கேட்கவிருப்பவை இரண்டே. அவளுக்கு முன்வரிசையில் ஓரிடம். பாடத்தின் நடுவே பயிற்சிப் புத்தகங்களை ஆசிரியர் அறைக்குக் கொண்டுசெல்லும் வேலை. வீட்டில் ஐந்து கணக்குக்கு ஒருமுறை வாசல்வரை நடந்துவர விட்டால், இருபதையும் பிழையின்றி முடிக்கிறாள். பள்ளியிலும் முடிப்பாள், எனக்கு ஐயமில்லை.

ஆசிரியராக இருந்த முப்பத்தோராண்டுகளும் அந்த வேலையை, அசையாமல் அமர்ந்திருந்த பிள்ளைகளுக்கே பரிசாகக் கொடுத்தேன். எழுந்து நடக்க வேண்டியிருந்தவர்களை உட்காரவைத்தேன்.

அப்பா

பி.கு.: நான் ஜெராம் போகும் பேருந்தில் போகிறேன். மோட்டார் சைக்கிள் சாவி மருத்துவர் கடிதத்தின் பக்கத்திலேயே இருக்கிறது.

இன்னுமொன்று: மூன்றாம் ஆண்டில் நீ என் வகுப்பில் இருந்தபோது, "நான் கொண்டு போறேன், சார்" என்று நாள்தோறும் கை தூக்கினாய். ஒருநாளும் உன்னை அனுப்பவில்லை. மன்னித்துவிடு, அம்மா. மருத்துவர் கடிதம் பள்ளிக்குப் போவதாயின், கொண்டுசெல்பவள் நீயாகவே இருக்கட்டும்.