மாப்பிள்ளை மெஷினுக்குப் போட்ட பூஜை

சேரப்பணஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் இசைவாணிக்கு அப்பா நாகப்பன் தன் கையால் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நொய்டாவில் குளிர் தொடங்கியிருக்கும், அங்கே உன்னை வல்லக்கோட்டை முருகன் பார்த்துக்கொள்வான். எழுத்து மேலே ஏறியும் கீழே இறங்கியும் போவதற்குக் கோபித்துக்கொள்ளாதே, தாளில் கோடு இருக்கிறது, என் கைக்குத்தான் அது பிடிபடவில்லை. உன் பெயரில் வருகிற ணி மட்டும் மூன்று தாளைத் தின்றது. இருந்தாலும் எழுத எழுத எனக்குச் சிரிப்பாக வருகிறது, சாயங்கால வகுப்புக்குப் போனது வீண்போகவில்லை. இத்தனை நாள் உன்னோடு பேசவேண்டும் என்றால் உன் புருஷன் ரகு போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பான், அவனைப் பற்றி அவன் காதுபட என்ன சொல்வது, நல்லா கீறோம்மா என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இப்போது அவன் எதிரிலேயே உட்கார்ந்து அவனைப் பற்றி எழுதுகிறேன். கைநாட்டு மாமா கலெக்டர் மாதிரி எழுதுறாரு பாரு என்று சிரிக்கிறான், எட்டிப் பார்த்துப் படிக்க அவனுக்குப் பொறுமை கிடையாது, சிரிக்கட்டும்.

நீ வாங்கிக் கொடுத்த தரை தேய்க்கிற மெஷின் கம்பெனிக் கோளாறால் சர்வீசுக்குப் போனது என்று உன்னிடம் சொல்லியிருப்பான். அது பொய். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஒரகடத்தில் ஒரு ஷட்டில் கோர்ட்டில் மரத்தரையின் பழைய வார்னிஷைத் தேய்த்து எடுக்கிற வேலை, நான் கூட்டிப் பெருக்கப் போயிருந்தேன். உருளையில் உப்புத்தாளைச் சுற்றி ஓட்டினால் தூளெல்லாம் பின்னால் தொங்குகிற பையில் போய் நிரம்பும், வேலை முடிந்ததும் பையை அவிழ்த்து வெளியே கொட்டவேண்டும், ஒரு பீடி பிடிக்கிற நேரம்கூட ஆகாது. மாப்பிள்ளைத் துரைக்கு அவசரம், பொரி வாங்கவேண்டுமாம். தூளு எங்க மாமா ஓடிப்பூடும் என்று உப்பிக் கிடந்த பையோடு மெஷினைக் குட்டி யானை வண்டியில் ஏற்றி நம் கூடத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். மறுநாள் காலையில் அவனும் அவன் கூட்டாளி கோதண்டமும் அதைச் சோடித்த அழகை நீ பார்த்திருக்கவேண்டும். சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், ஒயர் மேலேயே கற்பூரம். தூள் பைக்கும் மூன்று பட்டை போட்டுப் பொட்டு வைத்தார்கள். பொட்டு வைக்கிறவன் உள்ளே இருப்பதைக் கொட்டக் கூடாதா என்றேன். பூஜை போட்டத நாளைக்கித்தான் தொடணும், இன்னிக்கி அதுக்கு லீவு என்றான் கோதண்டம். இவன் பெரிய குருக்கள். மத்தியானம் சாப்பிட்ட அசதியில் அம்மா மெஷின் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். புகை வந்தது. சாம்பிராணிதான் இன்னும் அணையல, கொசு போவும் வுடுங்க என்றான் உன் புருஷன், தலையணையிலிருந்து தலையைத் தூக்காமலே. சாம்பிராணிக்கு வார்னிஷ் நாற்றம் எங்கிருந்து வரும். அம்மா இருமிக்கொண்டு எழுந்தாள், பை கறுத்து ஓட்டை விழுந்து உள்ளே கனல் தெரிந்தது. நான் அதைப் பிய்த்து வாசலில் எறிந்தேன், விழுந்ததும் குப்பென்று பற்றியது, குடத்துத் தண்ணீரை அப்படியே கவிழ்த்தேன். அந்த நேரத்தில் உன் புருஷன் கத்தியது என்ன தெரியுமா, மாலைய மிதிச்சிட்டீங்களே மாமா என்று. அம்மாவுக்குக் காயம் இல்லை, முந்தானை ஓரம் பொசுங்கிவிட்டது. இசைக்குத் தெரிய வேணாம் என்று அன்று சாயங்காலமே எல்லோருக்கும் உத்தரவு போட்டான்.

அப்புறம் சர்வீஸ் கடையிலிருந்து மெர்சி என்கிற பெண் புதுப் பையோடு வந்தாள், குன்றத்தூர்க்காரி, டிப்ளமா படித்தவள். முதலில் பிளக்கைப் பிடுங்கித் தன் கண்ணெதிரே வைத்துக்கொண்டாள், அதற்குப் பிறகுதான் மெஷினில் கை வைத்தாள். நம் ஆள் பிளக்கைப் பிடுங்காமலே உருளைக்குத் தாள் மாற்றுகிறவன். பெல்ட் தளர்ந்து கிடந்தது, மோட்டாருக்குக் காற்றுப் போகிற ஓட்டையெல்லாம் தூள், உருளை ரப்பரில் ஆணி கிழித்த பள்ளம், சக்கரத்தில் காய்ந்துபோன எலுமிச்சம்பழச் சக்கை. இத்தோட ஓட்னா தரை அலை அலையாத்தான் வரும்ணா, பழத்த நசுக்கத் தெரிஞ்சா தொடைக்கவும் தெரியணும் என்றாள். சாமிக்கு பயப்படுறீங்க, கொஞ்சம் கரண்ட்டுக்கும் பயப்படுங்க என்றாள். வார்னிஷ் தூள் பையில் அடைந்து கிடந்தால் நெருப்பு வைக்காமலே சூடேறுமாம், ஈரத்தோடு போர் போட்ட வைக்கோல் உள்ளே வேகிற மாதிரி. அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில்தான் அவள் கைப்பிடியைப் பார்த்தாள். அதைப் பிடித்து அமுக்கியிருக்கிற வரைக்கும்தான் மெஷின் ஓடவேண்டும், கையை விட்டால் நின்றுவிடவேண்டும், உயிருக்குக் காவல் அதுதான். அதைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தான். அவள் கம்பியை அறுத்து அவன் கையில் கொடுத்து, மறுபடி கட்னீங்கன்னா என்னக் கூப்பிடாதீங்க, ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அவளுக்கு இன்னொரு டீ போட்டுக் கொடுக்கவேண்டும் போல இருந்தது.

நேற்று கோர்ட்டில் பார்க்கிறேன், புதுக் கம்பி. எதற்கு என்று கேள். போன் பேச ஒரு கை வேண்டுமாம். அந்தப் போன் நீ பண்ணுவதுதான் மகளே. உன் கம்பெனி லைனில் டீக்கு விடுகிற நேரத்தில் நீ ஆசையாகக் கூப்பிடுகிறாய், அவன் ஒரு கையால் உன்னோடு கொஞ்சுகிறான், இன்னொரு கையால் மெஷினைத் தள்ளிக்கொண்டு போகிறான். இன்னா சத்தம் என்று நீ கேட்டிருப்பாய், ரோட்ல கன்டெய்னர் போவுது என்றான். நான் துடைப்பத்தோடு பின்னால்தான் நின்றேன். ஒயர் அவன் காலில் சுற்றியது, விழுந்தான், அவன் கையை ஊன்றிய இடத்துக்கும் சுற்றுகிற உருளைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. பிடியை விட்டும் மெஷின் நிற்கவில்லை, கட்டியிருக்கிறதே, அதுபாட்டுக்குப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு உறுமியது, நான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். அவன் தரையில் கிடந்தபடியே உன்னிடம், ஒண்ணுமில்ல செல்லம், நாய் என்றான். அந்த நாய் யார் என்று நான் கேட்கவில்லை.

அவன் மேல் எனக்கு மரியாதை கிடையாது, இந்தக் கடிதத்துக்குப் பிறகு வரப்போவதும் இல்லை. ஆனால் உனக்குத் தாலி கட்டிய கை அது, விரல் எல்லாம் அதில் இருக்கவேண்டும். அதனால் உருளையில் தாளை இறுக்குகிற சாவியை இன்று காலையில் எடுத்துவிட்டேன். அது இல்லாமல் தாள் நிற்காது, கடையிலும் கிடைக்காது, மெர்சியிடம்தான் கேட்கவேண்டும், அவளிடம் கேட்க அவனுக்கு முகம் இல்லை. இப்போது கட்டிலுக்கு அடியில் குனிந்து அதைத்தான் தேடுகிறான். சாவியப் பாத்தீங்களா மாமா என்கிறான், எழுதும்போது பேச்சுக் கொடுக்காதே என்று சொல்லிவிட்டேன். சாவி இந்தக் கவரிலேயே வருகிறது, பத்திரமாக வைத்துக்கொள். பையைக் கொட்டுவேன், பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தாளைத் தொடுவேன், கம்பி கட்டமாட்டேன் என்று அவன் வாயால் நீ கேட்ட பிறகு திருப்பி அனுப்பு, அதுவரை மெஷினுக்கு லீவு. அதற்கப்புறமும் நீ கூப்பிடும்போது கன்டெய்னர் சத்தம் கேட்டால் ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிடு.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு ஷிப்டுக்குப் போ, ஓ.டி. என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ நீடூழி நன்றாக இருக்கவேண்டும். அம்மா பொசுங்கின புடவையை மடித்து வைத்திருக்கிறாள், வந்தால் காட்டுவாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் எழுதுவேன், அதற்குள் ணி நேராக வந்துவிடும், அவனைப் பற்றிச் சொல்வதற்கும் இன்னும் நிறைய இருக்கிறது.

உன் அப்பா
நாகப்பன்
(பெருவிரல் மை இல்லை, கையெழுத்து)