இரண்டாவது பிரேக்

பிப்ரவரி 3, செவ்வாய்

என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் பல் டாக்டர் அம்மா இன்று மூன்றாவது முறையாக லைசென்ஸ் டெஸ்டில் ஃபெயில். கோட்டில் நிற்க வேண்டிய வண்டி, அதிகாரி நின்றிருந்த இடம் வரை போயிருக்கிறது. அவர் நகர்ந்துகொண்டாராம். அனுபவசாலி.

திரும்பி வரும் வழியில் அந்த அம்மா கேட்டார்: "சார், நீங்க பக்கத்துல இருக்கறப்போ நான் பிரேக்கே போட்டதில்ல. நான் நினைக்கறதுக்குள்ள நீங்க போட்டுடறீங்க. அப்புறம் எனக்கு எப்படி சார் வரும்?"

நியாயமான கேள்வி. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டியில் இரண்டு பிரேக். ஒன்று ஓட்டுபவர் காலடியில், இன்னொன்று என் காலடியில். போன மாதம் மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவங்க பக்கம் ரப்பர் புதுசாவே இருக்கு. உங்க பக்கம்தான் வழுக்கையாயிடுச்சு." இத்தனை வருஷத்தில் ஒரு விபத்து கிடையாது. அதை மட்டும் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

மகள் அடுத்த மாதம் பள்ளத்தாக்குக்குப் போகிறாளாம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தண்ணீர்ச் சொம்பை நகர்த்தச் சொல்கிற குரலில் சொன்னாள். மலையை மேலிருந்து கீழ்வரை யாரோ கிழித்துவிட்ட மாதிரி ஓர் இடம். இந்தப் பக்கச் சுவரில் இறங்கி, அடியில் கூடாரம் போட்டுத் தங்கி, மறுநாள் ஆற்றைத் தாண்டி அந்தப் பக்கச் சுவரில் ஏற வேண்டும். ஏறினால் ரோடு, பஸ்.

எனக்குத் தெரிந்த பள்ளமெல்லாம் ரோட்டில் இருப்பவை. அவற்றையே சுற்றிக்கொண்டு போகத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

"யார் யார் போறீங்க?"

"நான்."

சாயங்காலமே டவுனில் டிராவல்ஸ் ஆபீசுக்குப் போய் ஒரு தாள் வாங்கி வந்தேன். குழுவாகக் கூட்டிப் போகிறார்கள். ஆரஞ்சுத் தொப்பி, வழிகாட்டி, விசில், மதியம் சூப். மகள் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "விசில் ஊதினா நடக்கணும், விசில் ஊதினா நிக்கணும். அதுக்கு நான் வீட்லயே இருப்பேனே."

கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் அடுத்தவர் கண்ணைச் சோதிக்கிறவள். இருபத்தைந்து வயது. போன நவம்பரில் நாலு நாள் எங்கேயோ மலைக்குப் போய் வந்ததே, இவள் அம்மாவின் போனில் வந்த படத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். தோழி வீட்டில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

மனைவி மருந்துக்கடையிலிருந்து வந்ததும் பஞ்சாயத்து. "நீங்களும் கூடப் போங்க" என்றாள். நான் தலைநிமிர்ந்தேன். "அவளைப் பாத்துக்க இல்ல. இங்க இருந்து என் உயிரை வாங்காம இருக்க."

பிப்ரவரி 10, செவ்வாய்

நானும் கூடப் போக மகளிடம் நிபந்தனையோடு சம்மதம் கிடைத்தது. மூன்று சொற்களுக்குத் தடை. பாத்து. மெதுவா. நிறுத்து.

மற்ற இரண்டை விட்டுக்கொடுத்தேன். "பாத்து"வுக்காக மட்டும் போராடினேன். அது கட்டளையே இல்லை, வாசலைத் தாண்டுகிறவர்களிடம் எல்லோரும் சொல்வதுதானே, தபால்காரரிடம்கூடச் சொல்கிறேன். மகள் அசையவில்லை.

"சொல்லிட்டா?"

"சொல்லிட்டா ஒண்ணுமில்லப்பா. சண்டையெல்லாம் போட மாட்டேன். இனிமே எங்க போறேன்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன். அவ்வளவுதான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் இவள் சொன்னதைச் செய்கிறவள். அது என் பக்கத்திலிருந்து வந்த குணம், யாரையும் குறை சொல்ல முடியாது.

பிப்ரவரி 19, வியாழன்

தினமும் அடுக்குமாடிப் படிகளில் ஏறி இறங்குகிறேன். வாட்ச்மேன் இரண்டு நாள் பார்த்துவிட்டு, "சார், எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

ஷூ வாங்கினேன். இறங்கும்போது விரல் முட்டும், அரை அளவு பெரிதாக எடுங்கள் என்றார் கடைக்காரர். கைவசம் இருப்பதைத் தள்ளிவிடப் பார்க்கிறார். நான் சரியான அளவே எடுத்தேன்.

மார்ச் 5, வியாழன்

பள்ளத்தாக்கின் விளிம்பில் ஒரு விடுதி. பஸ்ஸில் வந்த வழி முழுக்க டிரைவருக்காக நான் பிரேக் போட்டுக்கொண்டே வந்ததில் கெண்டைக்கால் வலிக்கிறது. யார் வண்டி ஓட்டினாலும் நான் தூங்கியதே கிடையாது. என் கல்யாணத்தன்று, மாலையும் கழுத்துமாக, மாமனாரின் டிரைவருக்குக் கியர் சொல்லிக்கொண்டு போனவன்.

விடுதி அம்மா, "குரூப்பா?" என்று கேட்டார். இல்லை என்றோம். என் ஷூவைப் பார்த்தார். பிறகு மகளிடம் மட்டும் பேசினார். "ஆத்துல கல்லு மேல கால் வச்சுத் தாண்டணும். எல்லாக் கல்லும் ஆடும். ஆடறதுக்குள்ள அடுத்த கல்லுக்குப் போயிடணும். நடுவுல நின்னா விழுவீங்க. காலையிலேயே தாண்டிடுங்க, மதியத்துக்கு மேல தண்ணி ஏறும்."

மகள் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

மார்ச் 6, வெள்ளி

கூடாரத்துக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். நாள் முழுக்க இறக்கம்.

பாதை ஒரு ஆள் அகலம். ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் ஒன்றும் இல்லை. அவள் முன்னால், நான் பின்னால். இது வண்டியில் இல்லாத ஏற்பாடு, பின்னாலிருந்து எதையும் பிடிக்க முடியாது. முதல் திருப்பத்தில் அவள் கால் ஒரு கல்லை உருட்டியது. கல் போனது. போய்க்கொண்டே இருந்தது. சத்தம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. நான் இருமினேன்.

"இருமலும் கணக்குல சேரும்ப்பா" என்றாள், திரும்பாமலே.

பாதி வழியில் ஒரு நிழற்கூரை. ஆரஞ்சுத் தொப்பிக் குழு அங்கே சூப் குடித்துக்கொண்டிருந்தது. வழிகாட்டி என்னைப் பார்த்து, "சார், தொப்பி எங்க? மேலயே விட்டுட்டீங்களா?" என்று அதட்டினார். ஒரு நிமிஷம் வாய் வரை வந்துவிட்டது, ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று. மகள், "அவரு என்கூட வந்தவரு" என்றாள். சூப் நல்ல வாசனையாக இருந்தது.

இறங்க இறங்க வானம் ஒடுங்கிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு துண்டு அகலம்தான் மிச்சம். அடிக்கு வந்ததும் மகள் பையைப் போட்டுவிட்டு ஆற்றங்கரைக் கல்லில் மல்லாந்து படுத்துச் சிரித்தாள். எதற்கு என்று கேட்டேன். "சும்மாப்பா." இவள் இப்படிச் சிரித்துப் பார்த்து வெகு நாளாகிறது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கால் விரல்கள் பத்தும் எரிகின்றன. கடைக்காரர் நல்ல மனிதர்.

மார்ச் 7, சனி

சொல்லிவிட்டேன்.

காலையில் ஆறு. அவள் ஒவ்வொரு கல்லாக, நிற்காமல், பறவை மாதிரி போய்க்கொண்டிருந்தாள். நல்லாத்தான் போனா. பாதிக்கு மேல தாண்டிட்டா. அவள் அடுத்து வைக்கப்போகும் கல் சாய்ந்திருப்பது எனக்குக் கரையிலிருந்து தெரிந்தது. "நிறுத்து" என்று கத்திவிட்டேன். வண்டியில் கத்துகிற அதே குரல்.

நிறுத்திவிட்டாள்.

பதினெட்டு வயதில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டக் கற்றுக்கொண்டவள். அந்தக் குரல் கேட்டால் கால் தானாக நிற்கும், அப்படித்தான் பழக்கினேன். நிற்கவே கூடாத இடத்தில் நின்றாள். நின்ற கல் புரண்டது. பையோடு தண்ணீரில். இடது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது.

யாரு கத்தச் சொன்னா? நின்னா விழுவீங்கன்னு அந்தம்மா சொன்னப்போ நானும்தானே தலையாட்டினேன்?

நான் கல்லில் ஏறவே இல்லை. அப்படியே தண்ணீரில் இறங்கி, இடுப்பு நனைய நடந்து அக்கரை போனேன். இந்த நோட்டு லைசென்ஸோடு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்ததால் தப்பித்தது. அவள் போன் போய்விட்டது. என்னுடையதில் நேற்றிலிருந்தே சிக்னல் இல்லை.

அவள் கரையேறி, சட்டையைப் பிழிந்துவிட்டு, சாய்ந்திருந்த அந்தக் கல்லின் மேல் திரும்பப் போய் ஏறி நின்றாள். ஆடியது. கவிழவில்லை. இறங்கி வந்தாள்.

"நிறுத்துன்னீங்க. நிறுத்திட்டேன்" என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை. என் துண்டால் அவள் கையைக் கட்டிவிட்டேன். நன்றி என்றாள், அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்கிற மாதிரி. துணி காய்கிறது. இனி ஏற வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

மேலே, ரோட்டோரச் சத்திரத்தில் ஒரு கட்டிலில் இருக்கிறேன். நேற்றைய மிச்சத்தை எழுதிவிடுகிறேன்.

ஏற்றத்தில் பாதிக்கு மேல் வந்ததும் என் வலது முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. வலது கால்தான். ஆயுசு முழுக்க மிதித்த கால். உட்கார்ந்துவிட்டேன். வெயில் சுவரின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. மேலே ரோட்டில் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

மகள் நின்று யோசித்தாள். "நீங்க இங்கயே இருங்க. நான் போய் ஆளைக் கூட்டிட்டு வரேன்."

அங்கிருந்து பாதை ஒரு பாறை விளிம்பில் போகிறது. மிச்ச இடத்தில் ஒரு ஆள் அகலம் என்றால் இதில் அரை ஆள். அவளுக்கு ஒரு கை வேறு கட்டுப் போட்டிருக்கிறது. அவள் தண்ணீர்ப் புட்டியை என் பக்கத்தில் வைத்தாள். இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். எதற்காகப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

மூன்று சொல்லும் வரிசையாகத் தொண்டைக்கு வந்து நின்றன.

"போயிட்டு வா" என்றேன்.

இன்னும் நின்றாள். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

போனாள். சுவரை வலது கையால் தொட்டுக்கொண்டே, காலைப் பார்த்துப் பார்த்து வைத்தாள். நான் சொல்லாமலேதான். திருப்பத்தில் மறைந்தாள். பயம் என்றால் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் பயந்ததெல்லாம் காலுக்கடியில் பிரேக் இருந்தபோது பயந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பேச்சுக் குரல் கேட்டு எழ முயன்றபோதுதான் பார்த்தேன், என் வலது குதிகால் இருந்த இடத்தில் மண் குடைந்து ஒரு குழி.

ரோடு போடுகிறவர்கள் இரண்டு பேர். ஆளுக்கொரு தோளில் என்னைத் தாங்கிக்கொண்டார்கள். மகள் முன்னால் நடந்தபடி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "அண்ணா, பாத்து. அந்த இடத்துல மெதுவா. கொஞ்சம் நிறுத்துங்க, அப்பாவுக்கு மூச்சு வாங்குது."

மூன்றும் ஆயிற்று. நான் எதுவும் சொல்லவில்லை. என் நிலைமையில் சொல்லவும் முடியாது.

மார்ச் 9, திங்கள்

வீடு. மகளின் மணிக்கட்டில் எலும்பு முறிவு இல்லை, சுளுக்குத்தான். என் கட்டைவிரல் நகங்கள் இரண்டும் கறுத்துவிட்டன, விழுந்து முளைக்குமாம். மனைவி எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். "யாரு யாரைப் பாத்துக்கிட்டது?"

ஆற்றில் நடந்ததைப் பற்றி மகள் அம்மாவிடம் "வழுக்கிடுச்சு" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். நிபந்தனையைப் பற்றிப் பேச்சே இல்லை. நானும் எடுக்கவில்லை. எடுத்தால் பதில் கிடைத்துவிடும்.

மார்ச் 12, வியாழன்

பல் டாக்டருக்கு வகுப்பு. கால்கள் இரண்டையும் பின்னால் இழுத்து சீட்டுக்கடியில் பின்னி வைத்துக்கொண்டேன். சந்து முனையில் ஒரு வேன் எங்களை நோக்கி ரிவர்ஸில் வந்தது. எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது, மூடிக்கொண்டேன். வண்டி நின்றது. வேனுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சாண்.

"சார், இது நானா போட்டது?"

"நீங்கதாம்மா."

அந்த அம்மா அழுதுவிட்டார். நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டேன்.

மார்ச் 20, வெள்ளி

மகளின் மேஜை மேல் ஒரு மலையின் வரைபடம் விரித்துக் கிடக்கிறது. மின்விசிறியை அணைக்க உள்ளே போனவன், அணைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். எந்த மலை என்று பார்க்கவில்லை. ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

மார்ச் 24, செவ்வாய்

பல் டாக்டர் பாஸ். எனக்கு இலவசமாகப் பல் சுத்தம் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். பார்க்கலாம்.

மார்ச் 29, ஞாயிறு

மச்சினி வீட்டுக்குப் போய் வந்தோம். திரும்பும்போது மகள் ஓட்டினாள், கை சரியாகிவிட்டது. பயிற்சி வண்டிதான். கதவைத் திறக்கப் போனேன், என் இடத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள். "பின்னால ஏறுங்க. நகம் இடிக்காம காலை நீட்டிக்கலாம்." இந்த வண்டியின் பின் சீட்டில் நான் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. அங்கே மிதிக்க ஒன்றும் இல்லை. ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினேன்.

ஊரைத் தாண்டியதும் மகள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"அப்பா, அடுத்த மாசம் நான் ஒரு இடத்துக்குப் போறேன்."

மனைவி என் பக்கம் திரும்பினாள். நான் "ம்" என்றேன். இந்தத் தடவை யாரும் கூட வர வேண்டாமாம், தனியாகத்தான். எந்த பஸ், எத்தனை நாள், எங்கே தங்கல், எந்த இடத்தில் போன் கிடைக்காது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். நான் எதுவும் கேட்காமலே. குரல் சீராக வந்துகொண்டிருந்தது, வண்டியும் சீராகப் போய்க்கொண்டிருந்தது.

வீட்டு வாசலில் மனைவி தட்டி எழுப்பினாள். "வாயைத் திறந்துக்கிட்டு அப்படி ஒரு தூக்கம்."

மகள் சாவியை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் ஷூவைத் தேடிக்கொண்டே, "எந்த ஊருன்னு சொன்னா?" என்று மெல்லக் கேட்டேன்.

"உங்ககிட்டதானே சொன்னா" என்றாள் மனைவி.

நாளைக்குக் கேட்டுக்கொள்ள வேண்டும்.