அடித்து எழுதிய பதில்

நேற்று பழைய பேப்பர்காரர் தராசோடு வாசலில் நிற்கும்போதுதான் நம் சமூகவியல் புத்தகங்களைப் பரணிலிருந்து இறக்கினேன். நமக்குத் தபாலில் வந்த அதே பாடப் புத்தகங்கள். ஒவ்வொன்றாக உதறிப் போட்டுக்கொண்டு வந்தேன். மூன்றாவது புத்தகத்திலிருந்து ஒரு தாள் விழுந்தது. என் கையெழுத்து. மூலையில் உன் தைலக் கறை. வாசனை எப்போதோ போய்விட்டது, எண்ணெய்த் தடம் மட்டும் விரல் அகலத்துக்கு நிற்கிறது. பேப்பர்காரரைப் பொறவு வரச் சொல்லிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தாளைப் படிக்கும் முன்னால் உன்னைத் திட்டினேன். நீ போனதிலிருந்து ஒன்பது வருசப் பழக்கம், சட்டென்று விடுமா? "கூடவே கெடந்தவ, எங்கிட்டக்கூட ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாளே பாவி" என்று உன் சாவுக்குத் துட்டி கேட்க வந்தவர்களிடமெல்லாம் நான்தான் சொல்லிச் சொல்லி அழுதேன். அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்த உன் மகளும் பக்கத்தில் நின்று அதைக் கேட்டாள்.

மடவார் வளாகத்துக் கோயில் பக்கம் நம் மில் வேன் வந்து நிற்கும். அங்கிருந்து ராஜபாளையம் போய்ச் சேரும்வரை வேன்தான் நமக்குக் காலேஜ். தலையில் பஞ்சு ஒட்டிய இரண்டு பொம்பளைகள் எம்.ஏ. படிக்கிறார்கள் என்று வேனே சிரித்தது. நீ அசரவில்லை. எனக்குப் பரீட்சைக்கு வேண்டிய கருத்து போதும். உனக்கோ அந்த அறிஞர்களின் வீட்டுச் சங்கதி வேண்டும். "இவருக்கு எத்தனை பிள்ளைக? பொண்டாட்டி நல்லாப் பாத்துக்கிட்டாளா?" என்று துருவுவாய். அவர்கள் பெயர் வாயில் நுழையவில்லை என்று உறவுமுறை வைத்ததும் நீதான்.

ஒருத்தன் தன் உயிரைத் தானே மாய்ப்பதுகூட அவன் ஒருவனின் காரியம் இல்லை, அவனைச் சுற்றியுள்ள உறவுக் கட்டு தளர்ந்துபோனதற்கும் அதில் பங்கு உண்டு என்று எழுதியவர் நமக்குப் பிரெஞ்சு மாமா. அவர் மகன் சண்டைக்குப் போய்ச் செத்தான், அந்தத் துக்கத்திலிருந்து அவர் எழுந்திருக்கவே இல்லை என்று படித்தபோது, பட்டாளத்தில் இருந்த உன் அண்ணனை நினைத்து வேனிலேயே அழுதாய். "ஊர்த் துக்கத்தையெல்லாம் அளந்த மனுசனுக்குத் தன் துக்கத்தைத் தாங்க முடியலையே ஏட்டி" என்றாய். ஒருவர் செய்கிற காரியத்துக்கு அவர் மனசில் என்ன அர்த்தம் வைத்திருக்கிறார் என்று அவர் இடத்தில் நின்று பார்க்கச் சொன்னவர் ஜெர்மன் சித்தப்பா. அவரும் மனசு ஒடிந்து சில வருசம் பாடம் நடத்த முடியாமல் கிடந்தவர். "அம்புட்டுப் படிச்சவருக்கே இந்தக் கதி" என்று அவருக்கும் உச்சுக் கொட்டினாய்.

கடைசியாகத்தான் அமெரிக்கா அத்தான் வந்தார். மனுசர் எல்லாரும் அடுத்தவர் முன்னால் வேசம் கட்டித்தான் நிற்கிறார்கள், மேடைக்குப் பின்னால் வேறு முகம் இருக்கிறது என்றவர். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதுதான் வினை.

மில் பெண்களைப் பற்றிய ஆய்வுக்கு நான் கேள்வித்தாள் தயாரித்திருந்தேன். ஊருக்குள் போகும் முன்னால் தோழி ஒருத்தியிடம் ஒத்திகை பாருங்கள், அவள் ஒரு ஆளைக் கற்பனை செய்து பதில் சொல்லட்டும் என்று தபால் படிப்புக்காரர்களுக்கான ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ரெண்டாம் ஷிப்ட் வேன் வர அரைமணி நேரம் இருந்தது. கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தோம். நீ தோள்பட்டையில் தைலம் தேய்த்துக்கொண்டே ஆரம்பித்தாய்.

"எம்பேரு பேச்சின்னு வச்சுக்கோ. அஞ்சாப்பு படிச்சவ. மூணு பிள்ளைக்காரி."

உனக்கு ஒரே மகள். நான் சிரித்துக்கொண்டே எழுதினேன். உடம்புக்கு ஏதும் தொந்தரவு உண்டா என்பது பதினோராவது கேள்வி.

"மாருல ஒரு கட்டி இருக்கு. நாலு மாசமாச்சு."

"யார்ட்டயாவது சொன்னீங்களா?"

"சொல்லல. சொன்னா எல்லாத்தையும் விட்டுட்டு வீட்ல கெடன்னுவாவ. பரீட்சை முடியட்டும்னு இருக்கேன்."

அங்கே நான் பேனாவை நிறுத்தினேன். நிறுத்தி என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "ஏட்டி, பேச்சி அஞ்சாப்புல்லா? அவளுக்கு ஏது பரீட்சை? பதில் ஒண்ணுக்கொண்ணு ஒட்டல, மாத்திச் சொல்லு."

நீ தைல விரலால் தாளின் மூலையைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தாய். பிறகு, "ஆமால்ல. மக கல்யாணம் முடியட்டும்னு வச்சுக்கோ" என்றாய். நான் பரீட்சையை அடித்துவிட்டு மேலே மகள் கல்யாணம் என்று எழுதினேன். "நல்லா நடிக்கிற ஏட்டி, அமெரிக்கா அத்தான் பாத்தா அசந்துருவாரு" என்றும் சொன்னேன். நீயும் சிரித்தாய். வேன் ஹாரன் அடித்தது. 'வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?' என்ற கடைசிக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. அந்த இடம் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது.

ஒத்திகைத் தாள் ஆய்வில் சேராது என்பதால் புத்தகத்தில் செருகிவிட்டு மறந்தேன். சத்தியமாக மறந்தேன். நீ பரீட்சை எழுதினாய். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எல்லாம் கைமீறியிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நான் கத்தினேன்: "எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லியிருக்கலாம் ஏட்டி" என்றாய். அம்புட்டுத்தான். சொன்னேனே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் தாங்கமாட்டேன் என்று தெரிந்துதானே அந்தப் பழியையும் நீயே வாங்கிக்கொண்டு போனாய்? அடிப்பாவி. உன் இடத்தில் ஒரு நிமிசம் நிற்கத் தெரியாத நான், அதே ஜெர்மன் சித்தப்பாவைப் பற்றி ஆறு பக்கம் எழுதி முதல் வகுப்பில் தேறினேன். இன்றைக்கு வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் சர்வே வேலையில் சோறு தின்கிறேன்.

உன் மகள் இப்போது ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனி ஆபீசில் இருக்கிறாள். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பாள். "எங்கம்மா யாரையும் நம்பல சித்தி. அதான் அவளையே கொன்னுருச்சு." அதைக் கேட்கும்போதெல்லாம் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறேன். என் துக்கத்துக்கு அது தோதாக இருந்தது.

இன்று காலை பஸ் ஏறிப் போனேன். போகிற வழியெல்லாம், காட்டாமல் கிழித்துப் போட்டுவிடலாமா என்று மனசு அடித்துக்கொண்டது. உன்னிடம் பொய் சொல்ல விரும்பவில்லை, அந்த யோசனையும் எனக்கு வந்தது. ஆனால் நீ யாரையும் நம்பாமல் செத்தாய் என்று உன் பிள்ளை இனி ஒருநாள்கூட நினைக்கக் கூடாது.

கம்பெனி வாசலில் வைத்துத் தாளைக் கொடுத்தேன். "உங்கம்மா சொன்னா தாயி. எங்கிட்டச் சொன்னா" என்றேன். ஒத்திகையைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவள் நின்றபடியே படித்தாள். பதினோராவது கேள்வியில் விரல் நின்றது. உன்னைப் போலவே நகத்தை ஒட்ட வெட்டியிருக்கிறாள்.

"பரீட்சைன்னு இருக்கே. இதை யாரு அடிச்சா?"

"நாந்தான்."

அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. அடித்த கோட்டின்மேல் கட்டைவிரலால் இரண்டு தடவை தேய்த்துப் பார்த்தாள். "அம்மா நம்பித்தான் இருந்திருக்கா" என்றாள். பிறகு தாளை இருந்த மடிப்பிலேயே மடித்து என்னிடம் நீட்டினாள்.

"இதை நீங்களே வச்சுக்கோங்க சித்தி."

வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.